யார் கெடுத்தது? எது கெட்டது?



வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால் நம் வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வி எது என்று கவனித்திருக்கிறீர்களா? "என்ன ஆயிற்று?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர். "யார் கையை வைத்தது?" என்று கேட்கிறவர்களே அதிகம். சிறிய வித்தியாசமாகத் தோன்றும் இதில் கிறிஸ்தவ ஜீவியத்துக்குரிய ஒரு பெரிய காரியம் அடங்கியிருக்கிறது. ஒரு சாதாரணப் பொருளை வைத்துக்கொண்டு அதை இந்த வாரம் ஆராய்ந்து பார்ப்போம். அந்தப் பொருள், எவ்வளவு அமுக்கினாலும் உயிர் வராத ஒரு பழைய லேப்டாப்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், கல்லூரிகளிலும் படித்த பல லட்சம் பிள்ளைகள் அதனால் பயனடைந்தார்கள். இராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகளுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவரின் மகனுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்படியில் நிற்கிறவரின் பிள்ளைக்கும் கணினி என்பது வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். 2020-ம் ஆண்டு கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அந்தப் பெட்டிகளே பல வீடுகளில் வகுப்பறையாக இருந்தன. மூத்தவள் படித்து முடித்த பிறகு தம்பிக்கு, தம்பிக்குப் பிறகு கடைசித் தங்கைக்கு என்று கைமாறி, பத்து வருஷம் கழிந்தும் இன்னும் உழைக்கிறவை உண்டு. ஆகையால் அப்படிப்பட்ட ஒரு பெட்டி ஒருநாள் திடீரென்று இருண்டு போனால், வீட்டில் உண்டாகும் கலக்கம் நியாயமானதே.

ஒரு வீட்டில் நடப்பதாக இதை வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம். கல்லூரியில் படிக்கும் மகள் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய பாடத்தை எழுத உட்காருகிறாள். லேப்டாப் எழும்பவில்லை. தகப்பனார் வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறார். புது லேப்டாப் வாங்க வேண்டுமென்றால் எத்தனை மாதச் சம்பளம் என்ற கணக்கு ஒரு நொடியில் அவர் மனதில் ஓடுகிறது. உடனே இளைய மகனைக் கூப்பிடுகிறார். "நேற்று நீதானே விளையாடினாய்?" பையன் விளையாடியது மெய்தான், இல்லையென்று சொல்ல அவனால் முடியவில்லை. ஓர் அறை விழுகிறது. "இவன் தொட்டால் ஒன்றும் உருப்படாது" என்று பாட்டி ஒத்து ஊதுகிறாள். ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் அடுத்த வீட்டுக்காரருக்கும் செய்தி போய்ச் சேருகிறது. திங்கட்கிழமை பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனால், கடைக்காரர் வேறொரு சார்ஜரைச் செருகுகிறார். விளக்கு எரிகிறது. சார்ஜரின் வயர் உள்ளுக்குள்ளே அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

லேப்டாப் பிழைத்துக்கொண்டது. பையன் கன்னத்தில் விழுந்த அறைக்கு எந்தக் கடையில் பழுது பார்ப்பது?

இப்போது அந்தக் கடைக்காரர் செய்ததைச் சற்றுக் கவனியுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் "போர்டு போய்விட்டது" என்று எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார். வெளியிலிருந்து உள்ளே போவார். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போவார். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்ப்பார். இந்த ஒழுங்கை நம் வீடுகளிலும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, சுவரிலுள்ள பிளக் பாயிண்டு. அதே இடத்தில் மேஜை விசிறியைச் செருகினால் ஓடுகிறதா? ஓடாவிட்டால் குற்றம் லேப்டாப்பின் மேல் இல்லை.

இரண்டாவது, சார்ஜர். சுவரிலிருந்து கறுப்புப் பெட்டி வரைக்கும் உள்ள வயர் பெட்டியில் சேருமிடத்தில் நாளடைவில் தளர்ந்து போகும். லேப்டாப்பில் செருகும் முனையருகே வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்துவிடும். வேறு சார்ஜர் போட்டுப் பார்க்கலாம். ஆனால் முனை பொருந்துகிறது என்பது மாத்திரம் போதாது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் ஒன்றாயிருக்க வேண்டும்; ஆம்பியர் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தங்கி நிற்கும் மின்சாரம். சார்ஜரைக் கழற்றி, பாட்டரி வெளியே எடுக்கக்கூடியதானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தால் உள்ளே தேங்கின மிச்சம் வடிந்து போகும். பிறகு பாட்டரி இல்லாமலே சார்ஜரை மட்டும் செருகிப் பட்டனைத் தட்டினால், பல பழைய பெட்டிகள் எழும்பிவிடும். அப்படி எழும்பினால் சந்தேகம் பாட்டரியின் பக்கம் திரும்புகிறது.

நான்காவது, மெய்யாகவே உயிர் இல்லையா, அல்லது முகம் மட்டும் இருண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதை வைத்தால் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்கலாம். சிறு விளக்கு ஒன்று மினுக்கலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் திரையில் மங்கலாக எழுத்துத் தெரியலாம். அப்படியானால் பெட்டி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. திரைக்குப் பின்னாலுள்ள வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. வயர் மூலம் டி.வி.யில் இணைத்தால் படம் வரும். எத்தனை லேப்டாப்புகள் உயிரோடு இருக்கையிலேயே "செத்துப் போயிற்று" என்று மூலையில் போடப்பட்டனவோ!

ஐந்தாவது, கைப்பழக்கம் உள்ளவர் மின் தொடர்பு அனைத்தையும் நீக்கிவிட்டு, அடி மூடியைத் திறந்து, ராம் என்னும் நினைவுத் தகட்டைக் கழற்றிச் சுத்தமாக்கி மறுபடி அழுத்திப் பொருத்துவார். தூசியடைந்த விசிறியைத் துடைப்பார். இதற்கெல்லாம் பிறகே மதர்போர்டின் மேல் கை வைப்பார்.

பிரியமானவர்களே, உயிரில்லாத ஒரு பெட்டிக்கு இத்தனை படிகள் உண்டு. இவற்றில் எதிலும் கோபத்துக்கு இடமில்லை. முன்கூட்டிய தீர்ப்புக்கும் இடமில்லை. ஆனால் உயிருள்ள மகனுக்கு நாம் எத்தனை படிகள் வைத்தோம்? ஒரு படிகூட வைக்கவில்லை. தீர்ப்பு முதலிலே வந்தது; விசாரணை பிறகும் வரவில்லை.

இந்தக் குணம் புதியதல்ல. அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டவுடனே சீஷர்கள் நமதாண்டவரிடம் கேட்ட கேள்வி என்ன? இவனுக்கு எப்படி உதவி செய்யலாம் என்பதல்ல. பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்பதே. சேசுநாதர் இருவரில் ஒருவரையும் குற்றவாளியாகக் காட்டவில்லை. அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, சர்வேசுரனுடைய கிரியைகள் அவனிடத்தில் விளங்க வேண்டியதைப் பற்றிப் பேசினார். பிறகு மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசி, சீலோவாம் குளத்தில் கழுவும்படி அனுப்பினார். அவர் கை வேலையில் இருந்தது. சீஷர்களின் நினைவு குற்றவாளியைத் தேடுவதில் இருந்தது. நம் வீடுகளில் நாம் யாரைப் பின்பற்றுகிறோம்?

இங்கே ஒரு கேள்வி எழும்பும். "பொருளைச் சோதிப்பது போல மனிதனையும் சோதித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால், இரண்டும் ஒன்றுதானா?" இல்லை. 1274-ல் மரித்த வேதசாஸ்திரியும் கத்தோலிக்கப் பள்ளிகளின் பாதுகாவலருமான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், 'சும்மா தியோலாஜிக்கா' என்னும் தமது பெருநூலில் இதே காரியத்தை எடுத்துப் பேசுகிறார். பொருள்களைப் பற்றி நாம் தப்பாக எண்ணினால் அந்தப் பொருளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகவே பொருளை உள்ளது உள்ளபடி அறிந்துகொள்ளப் பிரயாசைப்பட்டால் போதும். மனிதனைப் பற்றித் தப்பாக எண்ணினாலோ, அந்த எண்ணமே அவனுக்குச் செய்யும் அநியாயம், அவனை இகழ்ந்ததாகிவிடுகிறது. ஆதலால் தெளிவான அத்தாட்சி இல்லாதபோது, சந்தேகத்தை நல்ல பக்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் போதனை. அப்படி எடுத்துக்கொள்வதால் சில சமயம் ஏமாந்து போகக்கூடுமே என்று கேட்டால், ஏமாறலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். கெட்டவனை நல்லவனென்று எண்ணிப் பல தடவை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவனென்று எண்ணி ஒரு சில தடவை தவறுவதைவிட மேலானது என்கிறார்.

இதன் பொருளை நிறுத்தி யோசியுங்கள். லேப்டாப்பை நல்லது என்றும் எண்ண வேண்டாம், கெட்டது என்றும் எண்ண வேண்டாம். சோதித்துப் பார்த்தால் போதும். ஆனால் மகனையும், மருமகளையும், வேலைக்காரியையும், அடுத்த வீட்டுக்காரனையும் சோதிப்பதற்கு முன்பே நல்லவர்களென்று எண்ணக் கடமைப்பட்டிருக்கிறோம். நாமோ இந்த முறையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். பெட்டிக்குப் பொறுமை, பிள்ளைக்கு அவசரம்.

நமது மதுரை நாட்டில் வேதம் போதித்த சேசுசபைக் குருக்களுக்கு ஞானத் தகப்பனாகிய அர்ச். இஞ்ஞாசியாரும் இதையே படிப்படியாகக் கற்பித்திருக்கிறார். 1548-ல் அச்சான 'ஞானப் பயிற்சிகள்' என்னும் அவருடைய நூலின் ஆரம்பத்திலே இந்த விதி இருக்கிறது. பிறன் சொன்ன வார்த்தையைக் குற்றப்படுத்துவதைவிட அதற்கு நல்ல அர்த்தம் கொடுக்கவே கிறிஸ்தவன் முந்த வேண்டும். நல்ல அர்த்தம் கொடுக்க இயலாவிட்டால், நீ எந்தக் கருத்தில் சொன்னாய் என்று அவனையே கேட்க வேண்டும். கருத்து தவறாயிருந்தால் அன்போடு திருத்த வேண்டும். அதுவும் போதாவிட்டால் அவன் சரியான வழிக்கு வரத் தகுந்த எல்லா உபாயங்களையும் தேட வேண்டும். பாருங்கள், முதற்படி நல்லெண்ணம், இரண்டாம் படி விசாரிப்பு, மூன்றாம் படி திருத்தம், நான்காம் படி விடாமுயற்சி. அறை என்பது இந்த நான்கிலும் இல்லை. கடைக்குப் போய் ஊராருக்குச் சொல்வதும் இல்லை.

"இப்படி எல்லாரையும் நம்பினால் வீடு என்னாவது?" என்று சில தகப்பன்மார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜாக்கிரதை வேறு, தீர்ப்பு வேறு. ஒரு தீங்குக்கு மருந்து செய்யும்போது மோசமானதை எதிர்பார்த்தே மருந்து செய்யலாம் என்று அக்குவீனாஸும் அனுமதிக்கிறார். லேப்டாப்பின் பாட்டரி உப்பியிருந்தால், ஒன்றும் ஆகாது என்று நல்லெண்ணம் வைக்கக் கூடாது. அது தீப்பிடிக்கக்கூடியது என்றே எண்ணி, குத்தாமல், அழுத்தாமல், சார்ஜ் ஏற்றாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். அதுபோல, பையன் இரவு நெடுநேரம் விளையாடுகிறான் என்று தோன்றினால், ஒன்பது மணிக்குமேல் லேப்டாப் அலமாரியில் இருக்கட்டும் என்று வீட்டில் சட்டம் வைக்கலாம். அது ஜாக்கிரதை, பிள்ளைக்கு உபகாரம். ஆனால் "இவன் உருப்படமாட்டான்" என்பது தீர்ப்பு. முந்தினது பிள்ளையின் வழியில் வேலி போடுகிறது; பிந்தினது பிள்ளையின் மேலேயே முத்திரை குத்துகிறது. சிறு வயதில் குத்தின முத்திரையைப் பிள்ளை தானே நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு எந்த மெக்கானிக் அதைக் கழற்றுவான்?

பழுது பார்க்கும் தொழில் செய்கிற நம் வாலிபர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உங்கள் தொழிலே தீர்ப்புச் சொல்லும் தொழில். மூடியைத் திறந்து பார்த்தவர் நீங்கள். வெளியே நிற்கும் தாய்க்கு உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. வயர் மட்டும் அறுந்திருக்கையில் போர்டு போயிற்று என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் ஏழாம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் சேர்ந்து மீறப்படுகின்றன. களவும் பொய்யும் ஒன்றாய் அங்கே நடக்கின்றன. அதேபோல், ஐந்து நிமிஷத்தில் குறையைக் கண்டுபிடித்த மெக்கானிக்கிடம், "ஐந்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு கூலியா?" என்று பேரம் பேசுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பின்னால் பல வருஷப் பழக்கம் நிற்கிறது. கூலிக்காரனுடைய கூலி நியாயமானது.

இனி, அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்புவோம். குறை சார்ஜரில் என்று தெரிந்துவிட்டது. தகப்பனார் என்ன செய்ய வேண்டும்? அநேக வீடுகளில் ஒன்றும் செய்யமாட்டார்கள். "சரி, சரி, இனிமேலாவது ஜாக்கிரதையாயிரு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குற்றமில்லை என்று தெரிந்த பிறகும் புத்திமதி மாத்திரம் பையனுக்கே! திருச்சபையின் போதனை அப்படியல்ல. பிறனுடைய பணத்தை எடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அதுபோலவே பிறனுடைய நற்பெயரை எடுத்தவன் அதைக் கூடியமட்டும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். எட்டாம் கற்பனைக்கு அது சேர்ந்த கடமை.

"மகனிடத்தில் தகப்பன் மன்னிப்புக் கேட்பதா?" என்று சிலர் திடுக்கிடலாம். ஏன் கேட்கக் கூடாது? நான்காம் கற்பனை பிள்ளைகளுக்கு மரியாதையைக் கட்டளையிடுகிறது. பெற்றோருக்கு அது நீதியையும் கட்டளையிடுகிறது. "தம்பி, நான் விசாரிக்காமல் அடித்துவிட்டேன், அது தப்பு" என்று ஒரு தகப்பன் சொன்னால் அவர் அதிகாரம் குறைந்து போகாது. மெய் தெரிந்தபோது தலை குனியத் தெரிந்த தகப்பனிடம் பிள்ளை நாளைக்கு மெய்யைச் சொல்லப் பயப்படமாட்டான். அடுத்த வீட்டுக்காரர் காதுக்குப் போன செய்தியையும் அதே வாயால் திருத்திச் சொல்ல வேண்டும். பாட்டியும் தன் பங்குக்கு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். அவமானம் பெருந்தெருவில் நடந்திருக்க, திருத்தம் அடுக்களைக்குள் நடந்தால் போதாது.

கடைசியாக, எல்லாச் சோதனையும் செய்து, நல்ல மெக்கானிக்கும் பார்த்து, இனி முடியாது என்று சொன்னால் என்ன செய்வது? அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் அத்திமர உவமை வருகிறது. மூன்று வருஷம் கனி கொடாத மரத்தை வெட்டச் சொல்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரனோ இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான். சும்மா தவணை கேட்கவில்லை; சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று தன் உழைப்பையும் சேர்த்துக் கேட்கிறான். அதற்குப் பிறகும் காய்க்காவிட்டால் வெட்டிவிடலாம் என்று ஒத்துக்கொள்கிறான். பொருளுக்கு முடிவு உண்டு, லேப்டாப்புக்கும் உண்டு. அப்படி முடிவு வந்தால் அதை ஓடைக்கரையில் வீசவும் வேண்டாம், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். மின்கழிவுகளைப் பற்றிய 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அது போய்ச் சேர வேண்டும். கொடுக்குமுன் உள்ளேயிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்; குடும்பப் படங்களும் பிறர் நம்மை நம்பிக் கொடுத்த கடிதங்களும் அதில் இருக்கும். வேலை செய்யாது என்று தெரிந்த பெட்டியை ஏழைப் பிள்ளைக்குத் தருமமென்று கொடுப்பதும் தருமமல்ல. 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்னும் நிருபத்தில், தூக்கியெறியும் பழக்கம் பொருள்களோடு நிற்பதில்லை, ஒதுக்கப்பட்ட மனிதர் வரைக்கும் போகிறது என்று எச்சரித்ததை மறவாதிருப்போம்.

ஆம், பொருளுக்கு முடிவு உண்டு. ஆனால் மனிதன் உயிரோடிருக்கும்வரை "இனி முடியாது" என்று சீட்டு எழுதிக் கொடுக்க எந்த மெக்கானிக்குக்கும் அதிகாரமில்லை. குடித்துக் கெட்ட தமையனானாலும், வீட்டை விட்டுப் போன மகளானாலும், பத்து வருஷமாய்ப் பூசைக்கு வராத சிநேகிதனானாலும், முகம் மாத்திரம் இருண்டு உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருக்கலாம். காதை வைத்துக் கேட்டவர் யார்?

இந்த வாரத்துக்கு ஒரு சிறு தீர்மானம் செய்துகொள்வோம். வீட்டில் ஏதாவது உடைந்தாலும், தொலைந்தாலும், நின்று போனாலும், "யார்?" என்ற கேள்வியை நாவில் அடக்கிவைத்து, "என்ன?" என்ற கேள்வியை முதலில் கேட்போம். இராத்திரி ஜெபத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்கையில், இன்று விசாரிக்காமல் யாரைக் குற்றவாளியாக்கினேன் என்று ஒரு தடவை பார்ப்போம். யாருடைய பெயராவது நினைவுக்கு வந்தால், படுக்கப் போகுமுன் எழுந்து போய் அவனிடம் பேசுவோம். அவன் நம் வீட்டிலேயே, அடுத்த அறையிலே, இன்னும் தூங்காமல் படுத்திருக்கக்கூடும்.

சேசுவுக்குப் புகழ்! மரியாயே வாழ்க!